கயிறு தாங்கும், கண் தாங்குமா?

கேள்வி:

டாக்டர், எனக்கு 47 வயது. கோவையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். மகன் ஆக்லாந்தில் வேலை செய்கிறான். வருகிற டிசம்பர் விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் நியூசிலாந்து போகிறோம். குயின்ஸ்டவுன் பக்கத்தில் ஓர் ஆற்றுப் பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கும் பங்கீ ஜம்ப்புக்கு, தனக்கும் எனக்கும் சேர்த்துப் பதிவு செய்யப்போவதாக மகன் சொல்கிறான். எனக்கும் சின்ன வயதிலிருந்தே இப்படி ஏதாவது ஒன்று செய்துபார்க்க ஆசை. என் வீட்டுக்காரரோ, “இந்த வயசுல இதெல்லாம் தேவையா? கயிறு அறுந்தா என்ன ஆகும்?” என்கிறார். எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை 78 கிலோ. கண்ணாடி பவர் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 7.5. எடையை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டியிருக்குமா என்றும் ஒரு கூச்சம். நான் குதிக்கலாமா?

— ஒரு வாசகி, கோவை

பதில்:

உங்கள் வீட்டுக்காரர் வயதைப் பற்றிச் சொல்லும் காரணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 47 வயது இதற்குத் தடையே இல்லை. உங்கள் மகன் சொல்வது கவராவ் ஆற்றுப் பாலமாகத்தான் இருக்கவேண்டும். அங்கே 10 வயதுப் பிள்ளைகளும் குதிக்கிறார்கள், 70 தாண்டியவர்களும் குதிக்கிறார்கள். கயிற்றைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மைனஸ் 7.5 என்று, என் கவலையெல்லாம் அதில்தான்.

கயிற்றை முதலில் பார்த்துவிடுவோம். இது யாரோ அவசரத்தில் தொடங்கிய வியாபாரம் அல்ல. பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்து தீவில், கிழங்கு அறுவடைக் காலத்தில் ஆண்கள் மரக் கோபுரம் கட்டி, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தரையை நோக்கிக் குதிக்கும் சடங்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கொடி இழுபடாது. அதன் நீளம் ஒரு முழம் தவறினாலும் உயிருக்கு ஆபத்து. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் சிலர் 1979 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர் கயிறு கட்டிக் குதித்தார்கள். நியூசிலாந்துக்காரரான ஏ. ஜே. ஹாக்கெட் அந்த ரப்பரின் கணக்கைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்து, 1987 ஜூனில் பாரிஸ் ஈஃபில் கோபுரத்திலிருந்தே குதித்துக் காட்டினார். மறு ஆண்டு நவம்பர் 12 அன்று அவரும் ஹென்றி வான் ஆஷும் சேர்ந்து கவராவ் பாலத்தில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முதல் நாளில் 28 பேர், ஆளுக்கு 75 டாலர் கொடுத்துக் குதித்தார்கள். 1880-இல் கட்டிய அந்தத் தொங்குபாலத்துக்கும் ஆற்றுக்கும் இடையே 43 மீட்டர். வாகாட்டிப்பூ ஏரியிலிருந்து வரும் நீலப்பச்சை நீர் கீழே ஓடிக்கொண்டிருக்கும். அழகான இடம். உங்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கயிறு அறுந்ததே இல்லையா என்றால், அறுந்திருக்கிறது. 2011 டிசம்பர் 31 அன்று ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிப் பாலத்தில் குதித்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணின் கயிறு அறுந்து, கால் கட்டோடு ஜாம்பேசி ஆற்றில் விழுந்தார். உயிர் பிழைத்தார். ஸ்பெயின் நாட்டில் 2015-இல் 17 வயதுப் பெண் ஒருத்தி, கயிற்றைப் பாலத்தோடு இணைப்பதற்கு முன்பே குதித்து இறந்துபோனாள். பயிற்சியாளரின் ஆங்கிலம் சரியில்லாததால் அவர் சொன்னதை அவள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று நீதிமன்றமே சொன்னது. ரப்பர் வெயிலிலும் உழைப்பிலும் கெடும் பொருள். ஒவ்வொரு கயிறும் எத்தனை முறை குதிக்கப் பயன்பட்டது என்று எழுதிவைத்து, வரம்பு வந்ததும் தூக்கி எறியும் இடத்தில் மட்டுமே குதிக்கவேண்டும். நியூசிலாந்தில் சாகச விளையாட்டு நடத்துகிறவர்கள் பாதுகாப்புத் தணிக்கையில் தேறி, வொர்க்சேஃப் என்னும் அரசு அமைப்பில் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பது சட்டம். அங்கே கயிறு அறுவதைப் பற்றி நீங்கள் தூக்கத்தைத் தொலைக்கவேண்டாம். மேடையில் நிற்கும்போது ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் செய்யுங்கள். அவர்கள் சொல்வது புரியவில்லை என்றால், மகனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வரை காலை நகர்த்தாதீர்கள்.

எடையைப் பற்றிய கூச்சத்துக்கு வருகிறேன். நீங்கள் வாயால் சொல்லவேண்டியதே இல்லை, அவர்களே தராசில் நிறுத்தி, எண்ணைக் கையில் எழுதிவிடுவார்கள். 78 கிலோ அங்கே மிகச் சாதாரணம். அந்த எண்ணை வைத்துத்தான் கயிற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கயிற்றில் 50 கிலோ ஆள் ஓரளவுதான் இறங்குவார், 90 கிலோ ஆள் அதைவிட மிக ஆழமாக இறங்குவார். முன்பதிவுப் படிவத்தில் எடை கேட்டால் நான்கு கிலோ குறைத்துப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அது கூடவே கூடாது.

நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் அடுத்ததை எழுதுகிறேன், தாளில் போட்டுப் பாருங்கள். உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றல் முழுவதையும் ரப்பர் இழுபட்டு வாங்கிக்கொள்கிறது. கயிறு தன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளும் என்று வைத்துக்கொண்டால், அடியில் அது உங்களை இழுக்கும் விசை உங்கள் எடையைப் போல நான்கு மடங்கு வரும். மூன்று மடங்கு நீளும் கயிறானால் விசை எடையைப் போல மூன்று மடங்கு. அதாவது உங்கள் 78 கிலோவுக்கு, ஒரு கணம், 230 முதல் 310 கிலோ வரை சுமை. இந்தக் கணக்கில் உயரம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கவராவ் 43 மீட்டர்தான், அதே ஊர்ப் பக்கம் நெவிஸ் பள்ளத்தாக்கில் இருப்பது 134 மீட்டர், ஆகவே இது சின்னது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கத் தோன்றும். அடியில் வரும் இழுப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றேதான். உயரத்தில் மாறுவது பயமும், அந்தரத்தில் இருக்கும் நேரமும். நல்ல செய்தி, இந்தச் சுமை வெடுக்கென்று வருவதில்லை. ஒரு நொடிக்கும் சற்றுக் கூடுதலான நேரத்தில் படிப்படியாக ஏறுகிறது. அதனால்தான் ஆரோக்கியமான முதுகும் முழங்காலும் இதைத் தாங்கிக்கொள்கின்றன.

ஆனால் அந்தச் சுமை வரும்போது நீங்கள் தலைகீழாக இருக்கிறீர்கள். ரத்தம் தலையை நோக்கித் தள்ளப்படுகிறது. போதாததற்குப் பயத்தில் மூச்சை அடக்கிக்கொள்கிறோம், அதனால் தலையிலிருந்து ரத்தம் திரும்பி இறங்கும் வழியும் இறுகுகிறது. இந்த அழுத்தம் கண்ணின் மெல்லிய நுண்குழாய்களில் போய் முட்டுகிறது. பங்கீ குதித்தபின் விழித்திரையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுப் பார்வை மங்கியவர்களைப் பற்றி 1990-களிலிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அவர்களில் நோய் எதுவும் இல்லாத இளைஞர்களும் இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பார்வை திரும்பியது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது.

தலைகீழாக நின்றால் மட்டும் கண்ணுக்குள் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் ஆய்வே இருக்கிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சி செய்பவர்களைச் சிரசாசனத்தில் நிறுத்திப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. அசையாமல் நிற்கும் ஆசனத்திலேயே அப்படி. கண் அழுத்த நோயாகிய கிளாக்கோமா உள்ளவர்கள் பங்கீ பக்கமே போகக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் மைனஸ் 7.5. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டினாலே அதிகக் கிட்டப்பார்வை என்கிறோம். சாதாரணக் கண் முன்னிருந்து பின்னாக 24 மில்லிமீட்டர் அளவு நீளம். உங்களுடையது 26-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கக்கூடும். கண் நீளும்போது விழித்திரையும் சேர்ந்து இழுபட்டு, ஓரங்களில் மெலிந்துபோகிறது, துணி நைந்துபோவதைப் போல. சிலருக்கு அங்கே வெளியே தெரியாத சிறு ஓட்டைகளும் இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் அந்த மெலிந்த இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். உடம்பு வேகமாக விழுந்து, நின்று, மறுபடி மேலே எழும்பும்போது கூழும் அசைகிறது, ஒட்டிய இடத்தை இழுக்கிறது. அங்கே கிழிந்தால் விழித்திரை பிரிந்துவிடக்கூடும். லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். லேசிக் கருவிழியின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போடாததால் தன் கண் சரியாகிவிட்டது என்று நம்பிக் குதிக்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விடுமுறையில் இது நேர்ந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிந்த விழித்திரையை ஒட்டவைக்கும் அறுவைச் சிகிச்சையில் பல சமயம் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்போம். அது கரையும் வரை விமானம் ஏறக்கூடாது. மேலே போனால் வாயு விரிந்து பார்வையே போய்விடக்கூடும். சில வாரங்கள் அங்கேயே தங்கவேண்டிவரும். நியூசிலாந்தில் விபத்தில் காயப்படும் வெளிநாட்டவருக்கும் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் உதவுகிறது, ஆனால் தள்ளிப்போகும் பயணத்துக்கோ தங்கும் செலவுக்கோ அது கைகொடுக்காது. நம் ஊர்ப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள், உங்கள் மகனுக்காகவும்தான்.

ரத்தக் கொதிப்பைப் பற்றி அவ்வளவு பயம் எனக்கு இல்லை. வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 130/80-ஐ ஒட்டியே இருந்து, இதயத்தில் வேறு கோளாறு இல்லையென்றால், உங்கள் மருத்துவர் அனுமதிக்கக்கூடும். அன்று காலை மாத்திரையை விடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கழுத்து எலும்புத் தேய்மானமோ முதுகு டிஸ்க் கோளாறோ உள்ளவர்கள் குதிக்கவேண்டாம். ரிஷிகேஷ் அருகே மோகன்சட்டியில் இருக்கும் 83 மீட்டர் மேடைக்குப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது இது. இந்த மாதமே ஒரு விழித்திரை நிபுணரிடம் போங்கள், கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கண் அழுத்தத்தையும் அளக்கவேண்டும். மெலிந்த இடமோ ஓட்டையோ இருந்தால் லேசர் வைத்துச் சுற்றி ஒட்டுவார்கள். அது இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். லேசர் வைத்துவிட்டதால் குதிக்கலாம் என்று ஆகாது. அப்படி ஒரு கண் உங்களுக்கு இருந்தால் என் பதில், குதிக்கவேண்டாம் என்பதுதான். அது இன்னும் ஐம்பது ஆண்டு புத்தகம் படிக்கவேண்டிய கண்.

விழித்திரை ஓரம் வரை சுத்தமாக இருக்கிறது, அழுத்தமும் சரி என்று நிபுணர் சொன்னால், ஆபத்து குறையும், அடியோடு நீங்காது. அதைத் தெரிந்துகொண்டும் குதிக்க விரும்பினால் தடுக்கமாட்டேன். அப்போது சில காரியங்களைக் கவனத்தில் வையுங்கள். கவராவில் தலை ஆற்றில் முழுகும்படி கயிற்றின் நீளத்தை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் கேட்கவேண்டாம், வேகமாக வரும் கண்ணுக்குத் தண்ணீரும் ஓர் அடிதான். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் ஆற்று நீரால் தொற்றும் வரக்கூடும். கண்ணாடியைக் கழற்றியபின் மேடையின் விளிம்பு தெளிவாகத் தெரியாது, ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கையைப் பிடித்து நிறுத்துவார்கள். விழும்போது மூச்சை அடக்காதீர்கள், வாய்விட்டுக் கத்திவிடுங்கள். கீழே ரப்பர் படகில் இறக்கியதும் உடனே எழுந்து நிற்காமல் சற்று உட்கார்ந்திருங்கள்.

அடுத்த சில வாரங்களுக்கு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பாருங்கள். வெள்ளைவிழி வலியில்லாமல் சிவந்திருந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, பார்வையில் திரை இறங்கினாற்போல் மறைத்தாலோ, ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போகவேண்டும். கோவை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

உங்கள் மகனுக்கும் கிட்டப்பார்வை இருக்க வாய்ப்பு அதிகம், தாய், தந்தை இருவர் வழியிலும் வரக்கூடியது அது. அவரும் கண் பரிசோதனை செய்துகொள்ளட்டும். பதிவு செய்துவிட்டுப் பிறகு குதிக்காமல் வந்தால் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. நிபுணரின் எழுத்து கையில் வரும் வரை உங்கள் பெயரில் பதிவு செய்யவேண்டாம் என்று மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.