நான்கு மடங்கு ஒளி, ஆனால் அதே தூரம்!

கடையில் ஒரே அளவுள்ள இரண்டு டார்ச் விளக்குகள் இருக்கின்றன. ஒன்றின் பெட்டியில் 250 லூமென் என்றும், மற்றொன்றில் 1,000 லூமென் என்றும் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் எதை வாங்குவீர்கள்? ஒளி மிகுதியானால் தூரமும் மிகுதியாகும் என்று எண்ணி, இரண்டாவதைத்தான் எடுப்பீர்கள். ஆனால் இருட்டில் இரண்டையும் அடித்துப் பார்த்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான் எட்டக்கூடும்! இது எப்படி?

விளக்கின் உள்ளே

வெள்ளை எல்.இ.டி.யில் நீல ஒளி தரும் குறைகடத்திச் சில்லு ஒன்று இருக்கிறது. அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசப்பட்டிருக்கும். இரு ஒளிகளும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன. இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகவே அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு சில்லு போதாதபோது, ஒரே உறைக்குள் நான்கு சில்லுகளைச் சதுரமாக அடுக்கி வைப்பார்கள். நமது இரண்டாவது டார்ச் இவ்வகையைச் சேர்ந்தது.

குழியாடி செய்யும் வேலை

பரவளையக் குழியாடியின் குவியத்தில் ஒரு புள்ளி அளவே ஒளி இருந்தால், கதிர்கள் இணையாக வெளியேறும். ஆனால் சில்லு புள்ளியன்று. அதற்கு அகலம் உண்டு. ஆகவே கதிர்கள் சற்று விரிந்தே செல்கின்றன.

சில்லின் அகலம் 1 மில்லிமீட்டர், ஆடியின் குவியத் தூரம் 10 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 10 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் ஏறத்தாழ 1 மீட்டர் அகலத்துக்கு ஒளி வட்டம் விழும். நான்கு சில்லுகளைச் சேர்த்து வைத்தால் ஒளிமூலத்தின் அகலம் 2 மில்லிமீட்டர் ஆகிறது. சுவரில் விழும் வட்டமும் 2 மீட்டர் அகலமாகிறது. அதாவது அதன் பரப்பு நான்கு மடங்கு. ஒளியும் நான்கு மடங்கு, அது பரவும் பரப்பும் நான்கு மடங்கு! அப்படியானால் வட்டத்தின் நடுவே வெளிச்சம் கூடவே இல்லை, அல்லவா?

தூரத்தை முடிவு செய்வது மொத்த லூமென் அன்று, நடுக்கற்றையின் ஒளிச்செறிவே. இதன் அலகு கேண்டலா. 2009-இல் வெளியான அமெரிக்கத் தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை டார்ச் எட்டுவதாகக் கணக்கு. அது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சம். வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால்,

தூரம் (மீட்டரில்) = 2 × √கேண்டலா

இரண்டு டார்ச்சுகளிலும் நடுக்கற்றை 10,000 கேண்டலா எனில், இரண்டும் எட்டுவது 200 மீட்டரே. தூரம் கூட வேண்டுமானால் ஆடியைப் பெரிதாக்க வேண்டும். அல்லது சிறிய பரப்பிலிருந்தே மிகுந்த ஒளி தரும் சில்லு வேண்டும்.

நடுவே ஒரு நிழல்

இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு சில்லுகளுக்கும் நடுவே சிலுவை வடிவில் ஒளியற்ற இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் சரியாகக் குவியத்தில் அமைகிறது. ஆகவே வழவழப்பான ஆடியில், ஒளி வட்டத்தின் நடுவே மங்கலான திட்டு தோன்றலாம். இதை மறைக்க, ஆரஞ்சுப் பழத் தோல்போல் மேடுபள்ளம் கொண்ட ஆடியைப் பொருத்துவார்கள். திட்டு கலைந்துவிடும், ஆனால் கற்றை விரிவதால் எட்டும் தூரமும் சற்றுக் குறையும்.

பிறகு எதற்கு நான்கு சில்லு?

சில்லுக்குள் எலெக்ட்ரானும் துளையும் இணையும்போது ஒளி பிறக்கிறது. மின்னோட்டம் மிகுந்து நெரிசல் ஏற்பட்டால், இணைவில் கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதி ஒளியாகாமல் வேறோர் எலெக்ட்ரானுக்குச் சென்று, முடிவில் வெப்பமாகிவிடுகிறது. சில்லு சூடேறினால் ஒளி மேலும் குறைகிறது. அதே மின்னோட்டத்தை நான்கு சில்லுகளுக்குப் பங்கிட்டால் நெரிசல் குறைகிறது. ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதல் ஒளி கிடைக்கிறது.

ஆகவே இரண்டாவது டார்ச்சையும் 250 லூமெனுக்குத் தணித்து எரித்தால், அதே மின்கலத்தில் அது முதல் டார்ச்சைவிட நெடுநேரம் எரியும். ஆனால் நடுக்கற்றை 2,500 கேண்டலாவாகிவிடும். தூரம் 100 மீட்டர்தான். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

இரவில் காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்து நடப்பவருக்கு விரிந்த ஒளியும் நீடித்த மின்கலமும் வேண்டும். வெள்ளத்தின் அக்கரையில் சிக்கியவரைத் தேடுபவருக்கோ குறுகிய, செறிந்த கற்றை வேண்டும். ஆகவே இனி டார்ச் வாங்கும்போது லூமெனை மட்டும் பார்க்காமல், கேண்டலாவையும் எரியும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

இருட்டறையில் சுவருக்கு 1 மீட்டர் தள்ளி நின்று டார்ச் அடியுங்கள். வட்டத்தின் நடுவே மங்கல் தெரிகிறதா? டார்ச்சின் கண்ணாடிமேல் டிரேசிங் தாளை வைத்து மீண்டும் அடியுங்கள். என்ன மாற்றம் காண்கிறீர்கள்? எரியும் எல்.இ.டி.யை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.

கணக்கு: ஒரு டார்ச்சின் ஒளிச்செறிவு 22,500 கேண்டலா எனில், அது எத்தனை மீட்டர் எட்டும்?

(விடை: 300 மீட்டர்)