சாவியை வாங்குமுன்

தங்கச்சி, நூலகர் வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு, ரொம்ப சந்தோஷம். முதல் நாளே உன்னிடம் ஒரு சாவிக்கொத்தையும் ஒரு தாளையும் நீட்டுவார்கள். "எல்லாம் சரியா இருக்கும்மா, கையெழுத்துப் போட்டுடு" என்பார்கள். பள்ளி என்றால் நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்த ஆசிரியர். கல்லூரி என்றால் ஓய்வுபெறப் போகும் நூலகர். எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் எண்ணிப் பார்க்காமல் சார்ஜ் எடுக்காதே. அவகாசம் கேள், அதையும் எழுத்தில் கேள்.

நூல் வரவைப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகச் சரிபார். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் போட்ட பதிவேட்டு எண்ணையே உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் போட்டிருப்பார்கள். முன் தாள் கிழிந்த புத்தகத்தை அது காட்டிக்கொடுக்கும். மூன்று பட்டியல் போடு: அலமாரியில் இருப்பவை, யார் பெயரிலாவது வெளியே இருப்பவை, எங்கேயுமே இல்லாதவை. நடுப்பட்டியல்தான் சுவாரசியம். எப்போதோ ஓய்வுபெற்றுப் போன துறைத்தலைவர் பெயரில் தடித்தடியாக அகராதிகள் நிற்கும். மூன்றிலும் முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்கிறாயா? புத்தகம் தொலைந்தால் நம் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் வந்துவிட்டால், எந்த நூலகரும் முதலில் அலமாரியைத்தான் பூட்டுவார். அப்புறம் கணக்கு ஒழுங்காக இருக்கும், பிள்ளைகள் வரமாட்டார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைத் தேடிப் படி. ஓராண்டில் வழங்கிய, பார்வைக்கு எடுத்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவது இயல்புதான் என்று ஏற்கிறது அது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ போனால் விசாரணை உண்டு. 20,000 நூல் வரை இருந்தால் வருடா வருடம் முழு இருப்பும் சரிபார்க்க வேண்டும். உங்கள் நிர்வாகத்தை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். இருந்தாலும் நூலகக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்து வைத்து, இங்கே எவ்வளவு இழப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று ஒரு தீர்மானம் போடச் சொல். அந்தத் தாள் கையில் இருந்தால் அலமாரியைத் திறந்து போடத் தைரியம் வரும்.

அலமாரியைத் திறந்து போடுவது புது யோசனை இல்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக்கியபோது அவர் முதலில் வைத்தது நூல் பயன்படுவதைத்தான். பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கிய நாம்தான் பூட்டும் வாங்குகிறோம்.

புத்தகத்தைத் தொலைத்த மாணவனிடம் பணம் வாங்காதே, அதே புத்தகத்தை வாங்கித் தரச் சொல். பணம் ஆபீஸ் கணக்கில் விழுந்தால் அலமாரிக்குத் திரும்பி வராது.

தமிழ் இலக்கியத்துக்கு டியூயி வகைப்பாட்டு எண் 894.811. கல்லூரிக்குச் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் புள்ளி எதற்கு? கதை, அறிவியல், வாழ்க்கை வரலாறு என்று முதுகில் கலர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். கணினியில் ஏற்றும்போது புனைபெயரையும் சேர்த்து ஏற்று. கேட்க வருகிறவர்கள் புதுமைப்பித்தன் என்றுதான் கேட்பார்கள், சொ. விருத்தாசலம் என்று அல்ல. பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கோஹா நூலக மென்பொருளில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் எதைத் தேடினாலும் கிடைக்காது.

அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, கரையானுக்கு வழி அதுதான். ராமபாணப் பூச்சிக்கு மூலையில் வசம்புத்துண்டு போடு. மழைக்காலத்தில் கீழ்த்தட்டைக் காலியாக வை.

பள்ளியில் நூலகப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்பார். தலைமையாசிரியர் கையெழுத்தோடு கால அட்டவணையை வாசலில் ஒட்டிவிட்டால், மறுக்கும் வேலையை அந்தத் தாளே பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் வரும்போது நாற்பது புத்தகமாவது அட்டை தெரிய மேசையில் பரப்பியிருக்கட்டும். படித்ததும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்லாதே. அடுத்த வாரம் மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள்!

கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்தால் அந்த மதிப்பீட்டில் நூலகமும் வரும். வருகைப் பதிவேடு, என்-லிஸ்ட் மின்வளங்களின் பயன்பாட்டுக் கணக்கு இரண்டையும் மாதா மாதம் அச்செடுத்துக் கோப்பில் சேர். குழு வருவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரே பேனாவில் எழுதிய பதிவேட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

ஹால் டிக்கெட் நேரத்தில் 'நோ டியூ' கையெழுத்துக்கு உன் மேசை முன்னால் வரிசை நிற்கும், அழுகையும் இருக்கும். ஒரு மாதம் முன்பே வகுப்புவாரியாகப் பாக்கிப் பட்டியலை ஒட்டிவிடு. ஆசிரியர்கள் வைத்திருக்கும் பாக்கியைப் பலகையில் ஒட்டாதே. கவரில் போட்டு நேரில் கொடு. டீ இடைவேளை முடிந்து போகிற நேரமாகப் பார்த்துக் கொடு.