தீபாவளிச் செலவு: ஆர்.டி.யா, சீட்டா, கார்டா?

தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது சித்திரையிலேயே தெரியும். ஆனாலும் பல வீடுகளில் அது திடீர்ச் செலவாகவே வந்து நிற்கிறது. துணி, பட்டாசு, பலகாரம், தங்கச்சிக்குச் சீர் என எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் ஆகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் பணத்தை எந்த வழியில் புரட்டினால் என்ன ஆகும்?

கையில் ஒரு வருடம் இருந்தால்

வங்கி ஆர்.டி. (தொடர் வைப்பு): மாதம் 2,000 ரூபாய், 12 மாதம். வட்டி 6.5 சதவீதம் என்றால், கட்டிய பணத்துக்கு மேல் சுமார் 850 ரூபாய் கிடைக்கும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடும் உண்டு. அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம். அடுத்த தீபாவளிக்கு அது ஒத்துவராது.

தீபாவளி சீட்டு: மாதாமாதம் கட்டினால் பட்டாசு, இனிப்பு, மளிகை என வீட்டுக்கே வந்துவிடும். தெருவே சேர்ந்து கட்டுவதால் தவணை தவறாது. இதுதான் அதன் பலம். நடத்துபவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் கையில் மிஞ்சுவது சீட்டு அட்டை மட்டுமே. ஏலச்சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்டு சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

ஜவுளிக்கு மட்டும்: கோ-ஆப்டெக்ஸின் ‘கனவு நனவு’ திட்டத்தில் மாதத் தவணை கட்டி வந்தால், கடைசித் தவணையை நிறுவனமே போடும். கைத்தறி உடுத்தும் குடும்பங்களுக்கு நல்ல வழி.

பண்டிகை நெருங்கிவிட்டால்

போனஸ்: சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டுச் சம்பளக் கணக்கில் குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. கைக்கு வந்த தொகைக்குள் பட்டியலைச் சுருக்குங்கள். வரப்போகிற போனஸை நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள்.

நகைக்கடன்: வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், 24,000 ரூபாய்க்கு மாதம் 200 ரூபாய். கடன்களில் இது மலிவு. ஆனால் மீட்கும் தேதியைக் குறிக்காமல் வைத்த நகை, ஏலம் வரை போகும்.

கிரெடிட் கார்டு: கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டியே இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மாதம் 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி ஏறும். 24,000 ரூபாய்க்கு அது 840 ரூபாய். ஆர்.டி. ஒரு வருடத்தில் தந்ததை, கார்டு ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்கிறது.

‘வட்டியில்லா’ தவணை: பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்; ஒளிந்திருக்கும் வட்டி தெரிந்துவிடும்.

அஞ்சு வட்டி: மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 60 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எவ்வளவு அவசரமானாலும் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

முடிவாக

மாதச் சம்பளக்காரருக்கு ஆர்.டி.யே முதல் தேர்வு. தினக்கூலியில் குடும்பம் நடத்துபவர், வங்கிக் கணக்கில் வாரம் 450 ரூபாய் போட்டு வந்தாலும் ஒரு வருடத்தில் 23,400 சேர்ந்துவிடும். இந்த வருடம் பணம் போதவில்லையென்றால் பட்டாசையும் புதுப்பொருளையும் குறையுங்கள், கடனைக் கூட்டாதீர்கள். தீபாவளி முடிந்து வரும் முதல் சம்பளத்திலேயே அடுத்த தீபாவளிக்கான ஆர்.டி.யைத் தொடங்கிவிடுங்கள்.