கையெழுத்து எழுத்துருக்கள்: எங்கே அழகு, எங்கே இடையூறு?

ஆண்டு விழா அழைப்பிதழ், பாராட்டுச் சான்றிதழ், நூலக அறிவிப்பு என எதை ஆங்கிலத்தில் கணினியில் தயாரித்தாலும், வளைந்து நெளியும் கையெழுத்து எழுத்துருக்கள் நம்மை ஈர்த்துவிடுகின்றன. அவற்றின் அழகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எங்கே பயன்படுத்தலாம் என்பதும் புரியும்.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் இறகுப் பேனாவால் எழுதிய 'ரவுண்ட் ஹேண்ட்' என்ற கையெழுத்தே இவற்றுள் பலவற்றுக்கு மூலம். பேனாவைக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே போகும்போது தளரவிட்டால் முடியிழைபோல மெலியும். ஈய அச்சில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு. சாய்ந்த எழுத்தின் வால் அச்சுக்கட்டைக்கு வெளியே நீண்டு எளிதில் உடைந்துவிடும். 1960-களில், ஒளி அச்சுக்கோப்பு பரவிய காலத்தில், மேத்யூ கார்ட்டர் அந்த எழுத்தாசான்களில் ஒருவரான சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தை ஒட்டி 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' எழுத்துருவை உருவாக்கினார். அதில் எழுத்துகள் இயல்பாகக் கைகோத்து நின்றன.

அந்த முடியிழைக் கோடுதான் பள்ளியில் நமக்குச் சிக்கல். பயிற்சித்தாளை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தாலே மெல்லிய கோடுகள் மங்கும். நகலின் நகலில் எழுத்தே துண்டு துண்டாகிவிடும். அச்செழுத்தையே கூட்டிப் படிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? விடை தெரிந்தும் வினாவைப் படிக்க முடியாமல் விழிக்கும். அதற்கு மதிப்பெண் குறைப்பது நியாயமா?

சான்றிதழில் தலைப்பு மட்டும் இந்த எழுத்துருவில், பெரிய அளவில் இருக்கட்டும். குழந்தையின் பெயர் அதுவே வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரே பேனாவால் எழுதித் தந்தால் இன்னும் நல்லது. சொல் முழுவதையும் பெரிய எழுத்துகளில் அடிப்பதை அறவே தவிர்க்கலாம். சொல்லின் முதலில் தனித்து நிற்பதற்காக வரையப்பட்ட சுருள்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினாலோ இணைப்புகள் அறுந்துவிடும்.

தமிழ்க் கையெழுத்து எழுத்துருக்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது மெய்யெழுத்தின் புள்ளியை. அடுத்து ன, ண இரண்டின் சுழிகளை. இவை தெளிவாக இல்லையென்றால் எவ்வளவு அழகானாலும் தொடக்க வகுப்புக்கு வேண்டாம்.

நான்கு கோடு நோட்டில் சேர்த்தெழுதப் பழக்கவும் சிலர் இவ்வெழுத்துருக்களை அச்சிட்டுத் தருகிறார்கள். அச்சுத்தாள் எழுதி முடித்த வடிவத்தைத்தான் காட்டும். கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் குழந்தை கரும்பலகையில் நம் கை நகர்வதைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ளும். எனவே முதலில் பலகையில் மெதுவாக எழுதிக்காட்டிவிட்டு, பிறகு தாளைக் கொடுக்கலாம்.