கணிப்பொறி நோயாளர்

நீரிழிவுற்றோர்க்குச் செலுத்தும் இன்சுலின் குறைந்தால் குருதியிற் சர்க்கரை மிகும். இன்சுலின் மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து உயிர்க்கே ஊறு நேரும். எனவே, புதிய மருத்துவ முறையை எடுத்த எடுப்பில் மக்களிடம் ஆய்தல் தகாது. 1921 ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களிடத்தே ஆய்ந்தனர்.

பிற்காலத்தே அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தாரும் இத்தாலியின் பதுவாப் பல்கலைக்கழகத்தாரும் கணிப்பொறியில் 300 நோயாளரைப் படைத்தனர். இவர்கள் ஊனும் உயிரும் உடையரல்லர். உணவும் இன்சுலினும் சர்க்கரையை மாற்றும் வகையைக் கூறும் கணக்குகளே. ஒரே நோயாளர்க்கு, ஒரே உணவுக்கு, இருவேறு முறைகளை அளித்து ஒப்பிடலாம். பிழை நேரினும் எவர்க்கும் தீங்கில்லை. செயற்கை நுண்ணறிவு வகுக்கும் மருந்தளவுகளும் இங்ஙனம் ஆராயப்படுகின்றன.

தானே இன்சுலின் செலுத்தும் கருவிகளின் முன்னாய்வில், விலங்குகளுக்கு மாற்றாக இம்முறையை அமெரிக்க அரசு 2008 இல் ஏற்றது. எனினும், மனித உடலின் இயல்பனைத்தும் கணக்கில் அடங்கா. இறுதிச் சான்று மக்களிடம் நிகழும் ஆய்வே.