நம் ஜில்லாவின் பெரியோர் சிலர்

தஞ்சாவூர் ஜில்லாவின் பெரியோர் யாவர் என்று வினவினால், பெரிய கோயிலை எடுப்பித்த ராஜராஜ சோழன் பெயரை எந்தச் சிறுவனும் சொல்லிவிடுவான். சென்ற மாதம் கடைமடைக் கிராமம் ஒன்றில் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட்ட பின், திண்ணையில் கூடியிருந்த அங்கத்தினர்களிடம் இவ்வினாவையே விடுத்தேன். ராஜராஜன் பெயர் முதலில் வந்தது. பின்னர், திருவாரூரிலேயே பிறந்த சங்கீத மும்மூர்த்திகளின் பெயர்கள் வந்தன. அப்பொழுது ஒரு முதியவர், "கோயில் கட்டினவரையும் பாட்டுக் கட்டினவரையும் சொன்னீங்க, வாய்க்காலிலே தண்ணி வரச் செய்தவர் யாருங்க?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கடைமடைக் குடும்பத்தில் பிறந்தவனாகையால் அக்கேள்வி என்னை உறுத்திற்று. அன்று சொல்லாமல் விட்ட விடையே இப்பாடம்.

ஜில்லா என்று நான் இங்கே கூறுவது பழைய தஞ்சாவூர் ஜில்லாவை. 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி ஜில்லாக்களாயின. காகிதத்தில் எல்லைகள் மாறினும், ஒரே ஆற்றின் தண்ணீரை எதிர்பார்த்து நாற்று விடும் பூமி இது.

தண்ணீரைப் பற்றிய விடை கரிகால் சோழனிடம் தொடங்குகின்றது. காவேரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் பள்ளமானது; கடலுக்குக் குறுக்கு வழியாக ஓடுவது. ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றி வந்த இரு கிளைகளும் தீவின் கீழ்க்கோடியில் மறுபடியும் நெருங்குகின்றன. அவ்விடத்தில் தடுப்பு இல்லையேல், காவேரியின் தண்ணீர் பள்ளத்தை நாடிக் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடும். நம் வயல்கள் கரம்பாகக் கிடக்கும். அங்கே ஏறக்குறைய 1080 அடி நீளத்திற்குக் கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பிய தடுப்பே கல்லணை. அதனை அமைத்தவன் கரிகாலன் என்பது வழிவழி வந்த செய்தி. ஆழங்காண முடியாத மணலின்மீது அஸ்திவாரம் நிற்கும்படி செய்ததே அதன் விசேஷம்.

ஆனால் கட்டியதோடு காரியம் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவேரியின் படுகை மணலால் மேடிட்டு, வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்திலேயே சென்றது. தண்ணீர் வரும் என்று நம்பி விதைத்த மிராசுதாரும் ஏமாந்தார். அவரை நம்பிய வாரக்குடியும் ஏமாந்தான். 1804-இல் கால்டுவெல் என்னும் காப்டன் இதனை ஆராய்ந்து கல்லணையின் மேல்மட்டத்தை உயர்த்தினார். நோய் தணிந்ததேயன்றித் தீரவில்லை.

இந்நிலையில் வந்தவர் ஆர்தர் காட்டன். 1803-இல் பிறந்த இவ்வெள்ளைக்கார இஞ்சினீயர் காவேரி வேலைகளை ஏற்றபொழுது முப்பது வயதுகூட நிரம்பாதவர். அவர் முதலில் செய்தது கல்லணையிடம் பாடம் கேட்டது. மணலின்மேல் கட்டும் வித்தையை நம் முன்னோரிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். மேலான உத்தியோகத்தில் இருப்பவர் இவ்வாறு ஒப்புக்கொள்வது அக்காலத்தில் மட்டுமா அபூர்வம்? கல்லணையில் அடிமதகுகளைத் திறந்து, படிந்த மணல் வெள்ளத்தோடு வெளியேறும்படி செய்தார். 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், அதே கொள்ளிடத்தில் வெகுதூரம் கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். மேலணை, பள்ளத்தை நோக்கிய தண்ணீரைக் காவேரிக்குத் திருப்பியது. கீழணை, அதற்குப் பின்னும் கொள்ளிடத்தில் வந்ததை மறித்து இரு கரையிலும் உள்ள வாய்க்கால்களுக்கும் வீராணம் ஏரிக்கும் கொடுத்தது. இங்கே பெற்ற அனுபவமே பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையாக வளர்ந்தது. அந்நாட்டு உழவர் அவரைத் தெய்வத்தோடு வைத்துப் போற்றுகின்றனர். நம்மவரில் பலருக்கு அவர் பெயரும் தெரியாது.

அவருடைய வேலையிலும் குறை இருந்தது. மேலணை எழும்பிய பின்னர் காவேரியில் அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது; 1840-களில் காவேரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றை ஒருபுறம் தொட்டால் மறுபுறம் அசையும். அந்த மேலணைதான், 182 ஆண்டுகள் உழைத்து, 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி வெள்ளத்தில் 45 மதகுகளில் 9 மதகுகளைப் பறிகொடுத்தது. பழைய கட்டடத்தைக் குறை கூறியவர்கள், அது எத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டது என்பதைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

கரையைக் காத்த கதைகளில் ஒரு சிறுவனுடையதும் உண்டு. 1832-இல் உச்சுவாடி என்னும் ஊரில் பிறந்த முத்துசாமி, இளமையில் தந்தையை இழந்து, திருவாரூரில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தான். ஒருநாள் ஆற்றுக்கரை உடைந்ததாகச் செய்தி வந்தபொழுது, கச்சேரியில் வேறு குமாஸ்தா எவரும் இல்லாமையால் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் இச்சிறுவனையே அனுப்பினார் என்பர். அவன் நேரிற்சென்று, உடைப்பின் அளவையும், அடைக்க வேண்டிய சாமான்களையும் துல்லியமாகக் குறித்து வந்தானாம். தாசில்தார் சரிபார்த்து வியந்து, அவனை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் படிக்கச் செய்தார். அச்சிறுவனே 1877-இல் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான ஸர் டி. முத்துசாமி ஐயர். நீதிபதியின் சிலையைக் காண்போர் பலர். எனக்கோ, ஒரு ரூபாய்க் கணக்குப் பிள்ளையின் குறிப்பைத் தூக்கியெறியாமல் எடுத்துப் படித்த அந்தத் தாசில்தாரின் நினைவே அதிகம் வருகின்றது. எங்கள் இலாகாவிலும் அத்தகைய குறிப்புகள் வருகின்றன.

கல்வியில் சிறந்தோரை இங்கே சுருக்கமாகவே சொல்ல இடமுண்டு. 1798 முதல் 1832 வரை இருந்த சரபோஜி மன்னர், ராஜ்யத்தைக் கும்பினியார் கையிற் கொடுத்துவிட்டபோதிலும் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைப் பெருக்கினார். 1855-இல் பிறந்தவரும் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவருமான உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டே ஊரூராய்ச் சென்று ஏடுகளைத் தேடினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தஞ்சையில் தங்கிய ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரும் இசைநூலை வெளியிட்டார். நகரத்துக்கு வெளியே வாங்கிய நிலத்தைப் பரிசோதனைப் பண்ணையாகவும் ஆக்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊரூராய்ப் பேசினார். 1947-இல் அதனைத் தடுக்கும் சட்டம் வந்தது.

கும்பகோணத்தில் யானைக்கால் நோய் மிகுந்திருந்த காலத்தில், டாக்டர் எம். கே. சாம்பசிவன் பொதுஜனங்களையே கூட்டிக் கொசு ஒழிப்பில் ஈடுபடுத்தினார். அவருடைய மகனே, 1925-இல் அவ்வூரில் பிறந்து 2023-இல் காலமான வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன். மகனை உலகமே அறியும். தகப்பனார் சாக்கடைகளைச் சுத்தம் செய்வித்த கதையை நம் பஞ்சாயத்தார் அறிவது அவசியம்.

இனிச் சொல்வதைச் சிலர் விரும்பமாட்டார்கள். அணைகள் கொண்டுவந்த தண்ணீரில் நின்று நட்டவனும் அறுத்தவனும் பண்ணையாள். அந்தத் தண்ணீரின் பயன் அவன் குடிசைக்கு வெகுகாலம் எட்டவில்லை. சவுக்கடியும், சாணிப்பாலைக் குடிக்கச் செய்யும் கொடுமையும் நம் ஜில்லாவில் இருந்தன என்பதை மறைத்துப் பயனில்லை. கன்னட நாட்டினரான பி. சீனிவாசராவ் 1943-இல் இங்கு வந்து, பண்ணையாட்களின் குடிசைகளிலேயே தங்கி, அவர்கள் பேச்சைக் கற்று, அவர்களைச் சங்கமாகச் சேர்த்தார். அவருடைய கட்சிக் கொள்கை எல்லோருக்கும் உடன்பாடன்று. ஆயினும் அக்கொடுமைகள் ஒழிவதற்கு அச்சங்கமே முதற்காரணம். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அவர் 1961-இல் இறந்தார்; திருத்துறைப்பூண்டியில் அவர் நினைவிடம் இருக்கின்றது.

சட்டம் வந்தும் பகை ஆறவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அச்செய்தி கேட்டு அங்கு வந்து தங்கியவர்கள் சர்வோதயத் தொண்டர்களான ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும். 1981-இல் இவர்கள் உழுபவருக்கு நிலம் கிடைப்பதற்கென ஓர் ஸ்தாபனத்தைத் தொடங்கினர். நிலத்தைப் பறிப்பது அவர்கள் வழியன்று. நிலச்சொந்தக்காரரிடம் விலை பேசி, பாங்கில் கடன் பெற்று வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தனர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இவ்வாறு நிலம் பெற்றன.

கடன் கொடுப்பதையும் வசூலிப்பதையும் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு விவரம் மிகவும் பிடித்தது. பத்திரங்கள் பெண்களின் பெயரில் பதிவாயின. ஆடவன் பெயரில் உள்ள நிலம் அவசரத்துக்கு அடமானம் போவதை என் கணக்குப் புத்தகங்களில் நித்தியம் காண்கின்றேன். மனைவி பெயரில் உள்ளது அவ்வளவு எளிதில் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை. அம்முதியவரின் கிராமத்துக்கு அடுத்த தணிக்கைக்குச் செல்லும்பொழுது இவ்விடையை முதலில் அவரிடம் படித்துக் காட்டுவதாக இருக்கின்றேன். அவர் சங்கத்தில் அங்கத்தினர் அல்லர். அவர் மனைவிதான் அங்கத்தினர். பங்குத்தொகை முழுவதும் செலுத்தியவர்.