பெப்ரவரி பியானோவும் மே மாதப் பியானோவும்

நம்பிக்கை: ஒரே மூச்சில் வாசித்ததுதான் நேர்மையான பதிவு. வெட்டி ஒட்டுவது கள்ள வேலை.

எங்கள் ஸ்கார்பரோ வீடுகளில் பியானோ என்றால் பரீட்சை. ராயல் கன்சர்வேட்டரியில் பிள்ளை எத்தனையாவது கிரேட் என்றுதான் விருந்துக்கு வருபவர்கள் விசாரிப்பார்கள். பரீட்சை அறையில் வாய்ப்பு ஒன்றுதான். அதே கண்ணால் வீட்டுப் பதிவையும் பார்க்கிறோம். மகளுக்காக வாங்கிய பியானோவில் நாற்பது வயதுக்குமேல் விரல் வைத்த நானும் அப்படித்தான் இருந்தேன். எடுத்துக்கொண்டது ஷோப்பானின் ஜி மைனர் பலாட். ஒன்பது நிமிடம் சொச்சம். கடைசியில் வரும் வெறிபிடித்த ஓட்டத்தில் ஒரு விரல் இடறும். திரும்பவும் முதலில் இருந்து.

இதே டொரொன்டோவில் பிறந்த பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். 1964 ஏப்ரலில், 31 வயதில், மேடைக் கச்சேரியை விட்டுவிட்டு ஒலிப்பதிவே போதும் என்று ஒதுங்கியவர் அவர். இரண்டு ஆண்டு கழித்து எழுதிய கட்டுரையில் தன் குட்டைத் தானே உடைக்கிறார். பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றை எட்டுத் தடவை பதிவு செய்திருந்தார். ஆறாவதும் எட்டாவதும் பிசகே இல்லாதவை. சில வாரம் கழித்து உட்கார்ந்து கேட்டபோது இரண்டுமே அலுத்தன. ஆறாவது கனத்துப்போய்க் கிடந்தது, எட்டாவது துள்ளிக்கொண்டே இருந்தது. வேகம் மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறு, நடுவில் எட்டு என்று ஒட்டினார். தவறை மறைக்க அல்ல, பதிவு செய்த நாளில் தோன்றாத ஒரு யோசனைக்காக வெட்டினார் என்பதைக் கவனியுங்கள். என் இடறலை மறைக்க நான் வெட்டுவதும் அவர் செய்ததும் ஒன்றல்லதான். ஆனால் கத்தரிக்கோல் ஒன்றுதான்.

நம்பிக்கை: விலையான மைக்கும் ஸ்டூடியோவும் வேண்டும்.

கூல்ட் 1970களில் பெரும்பாலும் பதிவு செய்தது காலேஜ் தெருவில், ஈட்டன்ஸ் பல்பொருள் கடையின் ஏழாம் மாடி மண்டபத்தில். கடைக்குமேல் ஒரு மண்டபம், அவ்வளவுதான். வீட்டில் நம்மைக் கெடுப்பது மைக்கின் விலை அல்ல. போனை வெறுமனே வைத்துப் பதிவு செய்தால், மெல்லிய இடத்தைத் தானாகத் தூக்கிவிடும், உரத்த இடத்தை அமுக்கிவிடும். பலாட் முழுக்க ஒரே சத்தத்தில் கேட்கும். அந்தத் தானியங்கி வேலையை நிறுத்தவிடும் ஆப் ஒன்று இருந்தால் பாதி வெற்றி. மறுபாதி இடம். நிமிர்ந்த பியானோவைச் சுவரில் ஒட்டி வைக்காமல் சற்று இழுத்து, மேல்மூடியைத் திறந்து, மைக்கை ஒரு மீட்டர் தள்ளிக் காது உயரத்தில் வையுங்கள்.

பிறகு வீட்டு இரைச்சல். இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் பி ஃபிளாட்டுக்கும் பிக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் சேராமல் நிற்கும். ஜி மைனரில் பி ஃபிளாட் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஹெட்போனில் அதைக் கேட்டு நான் முகம் சுளித்ததைப் பார்த்த மனைவி, “என்னப்பா, பிரிட்ஜை நிப்பாட்டவோ?” என்றாள். நிப்பாட்டினோம். ஃபர்னஸையும். பெப்ரவரி மாதம், கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

நம்பிக்கை: போன வருடம்தான் சுருதி சேர்த்தது, பியானோ அப்படியே இருக்கும்.

இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பியானோவின் ஒலிப்பலகை மரம். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதற்கு ஒத்துவரும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். டொரொன்டோ குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓட ஓட வீட்டுக்குள் அது முப்பதுக்கும் கீழே இறங்கிவிடும். தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். கோடையில் திரும்ப ஏறும். பெப்ரவரியில் நன்றாக விழுந்த முதல் ஏழு நிமிடத்தோடு மே மாதத்து முடிவுப் பகுதியை ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடத்தில் இன்னொரு வீட்டுப் பியானோ வந்து புகுந்துகொண்டது. ஒட்டுவதற்கென்று எடுப்பதை ஒரே நாளில், மைக்கை அசைக்காமல் எடுத்துவிட வேண்டும். வெட்டு, அடுத்த சுரம் தட்டப்படும் கணத்துக்கு மயிரிழை முன்னால் விழவேண்டும். பெடல் அழுத்தியிருக்கும் இடத்தில் கையே வைக்காதீர்கள். முந்தைய சுரங்களின் வால் அறுந்தது பட்டென்று தெரியும்.

நம்பிக்கை: வேண்டாத ஒரு சத்தம் விழுந்தால் பதிவு பாழ்.

கூல்ட் வாசித்துக்கொண்டே முனகுவார். தகப்பன் செய்து கொடுத்த குட்டை நாற்காலியைக் கடைசிவரை விடவில்லை. அது கிரீச்சிடுவதும் இசைத்தட்டுகளில் இருக்கிறது. பாக்கின் இன்வென்ஷன்களைப் பதிவு செய்தபோது அவருடைய சிடி 318 ஸ்டைன்வே பியானோவுக்கு விக்கல் பிடித்தது: நடுக் கட்டைகளில் ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை கேட்பது போல. அவர் பதிவைத் தூக்கிப் போடவில்லை. விக்கலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தட்டின் உறையிலேயே போட்டார்.

நான் வைத்துக்கொண்ட பதிவில், கடைசி ஓட்டத்துக்குச் சற்று முன், பள்ளிக்கூட பஸ் ஒன்று வாசலில் நின்று கதவு திறக்கிறது.